விண்டோஸ் 7-ஐ விடுவதா, ஃபோட்டோஷாப் சிஎஸ்6-ஐ விடுவதா?

கேள்வி: புத்தக அட்டை, லேபிள், விளம்பரத் தாள் என்று வடிவமைப்பு வேலை செய்கிறேன். 2012-ல் வாங்கிய கணினி, விண்டோஸ் 7. அதில் உள்ள ஃபோட்டோஷாப் சிஎஸ்6, இல்லஸ்ட்ரேட்டர் சிஎஸ்6 இரண்டும் காசு கொடுத்து வாங்கியவை. அதற்கு முன்னால் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் நிரலில் செய்த பழைய வேலைகளும் நிறைய இருக்கின்றன. என் வேலைக்கு இதுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் குரோம் இனி அப்டேட் ஆகாது என்கிறது. சில இணையதளங்கள் திறப்பதில்லை. வாடிக்கையாளர்கள் அனுப்பும் சில கோப்புகளும் ஒழுங்காகத் திறப்பதில்லை. விண்டோஸ் 11-க்கு இந்தக் கணினி தகுதியில்லையாம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி மாதச் சந்தா கட்டச் சொல்கிறார்கள் நண்பர்கள். நன்றாக ஓடுவதை ஏன் கலைக்க வேண்டும் என்பது என் எண்ணம். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதிலும் பாதி சரி, நண்பர்கள் சொல்வதிலும் பாதி சரி. இரண்டு பேரும் மூன்று விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். கணினி என்ற இயந்திரம் ஒன்று, விண்டோஸ் 7 என்ற இயங்குதளம் ஒன்று, சிஎஸ்6 என்ற மென்பொருள் ஒன்று. மூன்றுக்கும் ஆயுள் ஒன்றல்ல. சிஎஸ்6 இன்னும் சில வருடம் உழைக்கும். விண்டோஸ் 7 வேலை செய்யலாம், ஆனால் இணையத்தில் இருக்கக் கூடாது. 2012 இயந்திரத்தையோ நம்பவே கூடாது. மூட்டையைப் பிரித்துவிட்டால், நண்பர்கள் சொல்லும் அளவுக்குச் செலவும் வராது.

முதலில் விண்டோஸ் 7. பொதுமக்களுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ம் தேதியோடு நின்றுபோயின. தனியாகப் பணம் கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும் 2023 ஜனவரி வரை கொடுத்தார்கள். அதற்கு அடுத்த மாதமே குரோமும் கைகழுவியது; விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி குரோம் 109-ம் பதிப்புதான். 'இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீநிரல் பரவியபோது மாட்டியவர்களும் அதற்கு முந்தின நாள் வரை அப்படித்தான் இருந்தார்கள். அவர்கள் எதையும் கிளிக் செய்யவில்லை, எந்த மின்னஞ்சலையும் திறக்கவில்லை. கணினி நெட்வொர்க்கில் இருந்தது, கோப்புப் பகிர்வில் ஓர் ஓட்டை அடைபடாமல் இருந்தது. அவ்வளவுதான், கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன. அடிபட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் அகப்பட்டார்கள். இன்று அதேபோல் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், உங்கள் கணினிக்குப் போடுவதற்குத் திருத்தமே வராது. வடிவமைப்பாளருக்கு இது இரட்டிப்பு ஆபத்து, ஏனென்றால் போவது உங்கள் கோப்புகள் மட்டுமல்ல, வாடிக்கையாளர் நம்பி ஒப்படைத்தவையும்தான்.

இணையதளங்கள் திறக்கவில்லை என்றீர்கள். உலாவி பழையது என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: திரையின் வலது மூலையில் தேதி சரியாக இருக்கிறதா? மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். கணினியை அணைத்தபின் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று எண்ணி உலாவி தளங்களைத் திறக்க மறுக்கும். பேட்டரியை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. கணினிக்கு வயதாகிவிட்டது என்பதற்கு ஓர் அறிகுறியும் அது தீர்ந்துபோவதுதான்.

இயந்திரம் பற்றி ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், பழைய இயங்குதளத்தை நம்பி இருப்பவர்கள் ஒரு விஷயத்தை யோசிப்பதில்லை. உங்கள் மதர்போர்டு நாளை போய்விட்டால் புதுக் கணினி வாங்கி அதில் விண்டோஸ் 7-ஐப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். முடியாது. நிறுவும் டிஸ்க்கைப் போட்டால் முதல் திரை வரும். அதில் மௌஸும் நகராது, கீபோர்டும் தட்டாது. விண்டோஸ் 7 வெளிவந்த 2009-ல் யூஎஸ்பி 3 பரவலாகவில்லை, அதை இயக்கும் டிரைவர் என்ற சிறு நிரல் டிஸ்க்கிலேயே கிடையாது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியில், என்விஎம்இ என்ற புதிய வகையையும் அதற்குத் தானாக அடையாளம் தெரியாது. இவற்றையெல்லாம் சுற்றி வளைத்து ஏற்றினாலும், புதிய கிராஃபிக்ஸ் சிப்புக்கு டிரைவர் கிடைக்காது. ஆகவே கணினி சாகும் நாளில் விண்டோஸ் 7-ம் கூடவே சாகும். அந்த நாள் அவசர வேலை கையில் இருக்கும்போதுதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் வேறு எதைத் தொடுவதற்கும் முன், ஹார்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் போதும். அதில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். இரண்டும் சுழியமாக இருந்தால் நிம்மதி. சி5 ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே நகல் எடுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். நகல் என்றால் கோப்புகளை மட்டும் இழுத்துப் போடுவதல்ல, டிஸ்க் முழுவதையும் அப்படியே இமேஜாக எடுப்பது. எழுத்துருக்கள், பிரஷ்கள், ஆக்‌ஷன்கள், மென்பொருள் அமைப்புகள் எல்லாம் அதில்தான் வரும். கோப்புகளை மட்டும் எடுத்தவர்கள் பிறகு தேடி அலைவது இவற்றைத்தான்.

இனி சிஎஸ்6. 2012-ல் வந்தது; ஒருமுறை வாங்கி என்றைக்கும் வைத்துக்கொள்ளக்கூடிய கடைசி ஃபோட்டோஷாப் அதுதான். 2013 முதல் அதைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் சந்தா முறைக்குப் போய்விட்டது. சிஎஸ்6 வேண்டுமென்றால் விண்டோஸ் 7-ல்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் எண்ணுவது போல் தெரிகிறது. அப்படி ஒன்றும் இல்லை. விண்டோஸ் 10-லும் 11-லும் பலர் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடோபி அதற்கு உத்தரவாதம் தராது, சிக்கல் வந்தால் உதவியும் செய்யாது, ஆனால் 64-பிட் பதிப்பு பெரும்பாலும் முரண்டு பிடிக்காமல் ஓடும். இரண்டு தொல்லைகள் வரலாம். புதிய கிராஃபிக்ஸ் கார்டோடு ஒத்துப்போகாமல் திரை சிதறினால், பிரிஃபரன்ஸஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் பிராசஸர் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள். இரண்டாவது தொல்லை இன்னும் எரிச்சலானது: 4கே திரையில் மெனுவும் கருவிகளும் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். சிஎஸ்6 எழுதப்பட்ட காலத்தில் அப்படிப்பட்ட திரை பரவலாக இல்லை. ஃபோட்டோஷாப் ஐகானில் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி தாவலில் உயர் டிபிஐ அமைப்பை 'சிஸ்டம்' என்று மாற்றினால் பெரிதாகும்; கொஞ்சம் மங்கலாகத் தெரியும். நுணுக்கமான ரீடச்சிங் செய்பவருக்கு அந்த மங்கல் ஆகாது. உங்களுக்கு என் யோசனை, 4கே திரையே வாங்காதீர்கள்; 1920-க்கு 1080 திரையில் இந்தச் சிக்கலே எழாது.

பழைய கணினியிலிருந்து எடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். சிஎஸ்6 உரிமம் ஒரே சமயத்தில் இரண்டு கணினிகளில் ஆக்டிவேட் செய்ய, அதாவது இணையம் வழியாக உரிமத்தைப் பதிந்து செயல்படுத்த, அனுமதிக்கிறது. பழையதை ஃபார்மட் செய்வதற்கு முன், அது இணையத்தில் இருக்கும்போதே, ஹெல்ப் மெனுவில் டீஆக்டிவேட் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் டிஸ்க்கை அழித்தால் அந்த இடம் காலியாகாது. சீரியல் எண்ணும் நிறுவும் கோப்பும் கையில் இருக்கின்றனவா என்றும் இப்போதே பாருங்கள். ஆக்டிவேஷன் சர்வர் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. காலம் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். சிஎஸ்2-க்கான சர்வரை நிறுத்தியபோது, உரிமம் வைத்திருந்தவர்களுக்கு ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே பெருந்தன்மையை எதிர்பார்க்க முடியாது. புதுக் கணினியில் சிஎஸ்6-ஐ ஏற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

அந்தக் 'காசு கொடுத்து வாங்கியவை' என்ற வரிக்காக உங்களுக்கு ஒரு வணக்கம். இந்த யோசனைகள் எல்லாம் அதனால்தான் செல்லுபடியாகின்றன. கிராக் செய்த புதுப் பதிப்பை விண்டோஸ் 7-ல் ஏற்றச் சொல்லி யாராவது வந்தால், கதவைச் சாத்துங்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவு என்று கேட்கும் நிரலைத் திருத்தமே வராத கணினியில் போடுவதைவிட மோசமான சேர்க்கை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆக, புதுக் கணினி ஒன்று வேண்டும். விலை உயர்ந்தது வேண்டாம். குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஏற்கனவே பயன்படுத்திய அலுவலகக் கணினியானாலும் சரி, விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வமாகத் தகுதி உள்ளதா என்று மட்டும் பாருங்கள். இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. உங்கள் பழைய கணினியிலேயே விண்டோஸ் 10 போட்டுக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்கும் 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்துவிட்டது. கூடுதல் திருத்தத் திட்டத்தில் சேரும் தனிநபர்களுக்கு அதோடு ஒரு வருடம், அவ்வளவுதான். தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வழிகளும் சுற்றி வருகின்றன. விளையாட்டுக்குச் செய்து பார்க்கலாம். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தருவது கட்டாயமில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டதால், பிழைப்பு நடத்தும் கணினியில் அது வேண்டாம்.

மின்னஞ்சல், உலாவி, கோப்பு இறக்கம், வாடிக்கையாளர் பேச்சு எல்லாம் புதியதில். சிஎஸ்6 புதியதில் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்தபின் வடிவமைப்பும் அதிலேயே. பழையதை உடனே விற்க வேண்டாம். நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு, வைஃபையையும் டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டு, பழைய கோப்புகளைத் திறக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றில் இமேஜை இறக்கினால், ஃபோட்டோஷாப் திறக்கும் வேகத்தைப் பார்த்து நீங்களே அசந்துபோவீர்கள். விண்டோஸ் 7-க்கு சாட்டா எஸ்எஸ்டியைச் சரியாகக் கையாளத் தெரியும். கோப்பு மாற்றம் யூஎஸ்பி மூலம். புதியதில் ஸ்கேன் செய்த பிறகே பழையதில் செருகுங்கள், ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள்.

யூஎஸ்பி வேண்டாம், இரண்டையும் வயர் போட்டு இணைத்துக்கொள்கிறேன் என்றால் ஒரே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பல, புதுக் கணினியில் எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை இயக்கச் சொல்லும். வான்னாகிரை நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்குத்தான் அது இல்லாமல் முடியாது; விண்டோஸ் 7-க்கு அடுத்த முறையான எஸ்எம்பி2 தெரியும். ஆகவே இயக்கத் தேவையே இல்லை.

பேஜ்மேக்கர் விஷயத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். அடோபியின் பக்கம் அமைக்கும் நிரலான இன்டிசைனில், அந்தக் கோப்புகளைத் திறக்கத் தெரிந்த கடைசிப் பதிப்பு சிஎஸ்6. அதற்குப் பிறகு வந்த எந்த இன்டிசைனும் அவற்றைத் திறக்காது, சந்தா கட்டினாலும் திறக்காது. லிப்ரஆபீஸ் டிரா, ஸ்கிரைபஸ் என்ற இலவச நிரல்கள் ஓரளவு திறக்கும், அமைப்பு கலைந்து வரலாம். ஆகவே அந்த விண்டோஸ் 7 கணினி உயிரோடு இருக்கும்போதே, மறுபடி அச்சாகும் வாய்ப்புள்ள வேலைகள் ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்குங்கள், வாசகத்தைத் தனியாக ஏற்றுமதி செய்யுங்கள். எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. பத்து வருடமாக யாரும் கேட்காத ஒரு விளம்பரத் தாளுக்காக ஓர் இரவு முழிக்காதீர்கள்.

எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது. அதில் தமிழ் தட்டியது எல்லாம் பழைய வகை எழுத்துருக்களில்தான் இருக்கும். அந்தக் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. அதைத் தொலைத்தால் முழுப் புத்தகமும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். ஆகவே ஏற்றுமதி செய்த வாசகத்தோடு எந்த எழுத்துரு என்ற பெயரையும் எழுதி, எழுத்துருக் கோப்பையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். எழுத்துருவின் குறியாக்கம் எது என்று தெரிந்தால்தான் மாற்றி நிரலைக் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவர முடியும். ஆங்கில எழுத்துருக்களிலும் ஒரு கண்ணி உண்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. சிஎஸ்6-ல் அழகாகத் தெரியும் வேலை, புதிய பதிப்பு வைத்திருக்கும் அச்சகத்தில் எழுத்துரு இல்லை என்று நிற்கும். வெளியே அனுப்பும் இறுதிக் கோப்பில் எழுத்துகளை அவுட்லைன், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம், ஆக்கிவிடுங்கள். திருத்தக்கூடிய மூலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலில் ஓர் எண்ணைத் திருத்த வேண்டி வரும்போதுதான் மூலத்தின் அருமை தெரியும்.

பேஜ்மேக்கர் மாதிரி நிரல்களுக்கு, கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் விர்ச்சுவல் மெஷினும் நல்ல வழி. புதுக் கணினிக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் விண்டோஸ் 7-ஐ நெட்வொர்க் இல்லாமல் ஓட்டலாம். அதே வேலையைச் செய்யும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவும் 2024 நவம்பர் முதல் தொழில் பயன்பாடு உட்பட எல்லோருக்கும் இலவசம். இயந்திரம் செத்தாலும் இயங்குதளம் ஒரு கோப்பாகப் பிழைத்திருக்கும் என்பதுதான் இதன் லாபம். கனமான ஃபோட்டோஷாப் வேலைக்கு இது சரிப்படாது, கிராஃபிக்ஸ் வேகம் போதாது. இன்னொன்று, கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. தனியாக வாங்கிய உரிமத்தைத்தான் இடம் மாற்றலாம்.

வாடிக்கையாளர் கோப்புகளுக்கு வருவோம். புதிய ஃபோட்டோஷாப் கோப்பை சிஎஸ்6 பெரும்பாலும் திறக்கும். தனக்குத் தெரியாத தகவல் இருக்கிறது என்று எச்சரித்துவிட்டு, புதிய வசதிகளை விட்டுவிடும். அந்த எச்சரிக்கையை அவசரத்தில் ஓகே தட்டிவிட்டு அதே பெயரில் சேமிக்காதீர்கள், வாடிக்கையாளரின் லேயர்கள் போய்விடும். இல்லஸ்ட்ரேட்டர் கோப்பு இன்னும் வம்பு. சில கோப்புகளைப் பிடிஎஃப் ஆகத் திறந்தால் வேலைக்குப் பதிலாக, இது பிடிஎஃப் உள்ளடக்கம் இல்லாமல் சேமிக்கப்பட்ட கோப்பு என்ற ஒரே வாக்கியம் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். கோப்பு கெட்டுப்போகவில்லை, அனுப்பியவர் சேமிக்கும்போது ஒரு டிக்கை எடுத்துவிட்டார். அவரிடம் 'என்னிடம் பழைய பதிப்பு' என்று கூச்சத்தோடு சொல்ல வேண்டியதில்லை. 'இல்லஸ்ட்ரேட்டர் சிஎஸ்6 பதிப்பில், பிடிஎஃப் கம்பாட்டிபிள் டிக்கோடு சேமித்து அனுப்புங்கள்; கூடவே அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ்-4 வகைக் கோப்பு ஒன்றும் வேண்டும்' என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் கேட்பதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

சந்தா பற்றி என் கருத்து: பயந்துகொண்டு கட்டாதீர்கள், வேலை கேட்டால் கட்டுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் புதிய பதிப்புக் கோப்புகளையே தொடர்ந்து அனுப்பி, திருத்தி அதே வடிவில் திருப்பிக் கேட்டால், சிஎஸ்6-ஐக் கட்டிக்கொண்டு மல்லுக்கட்டுவதில் நியாயமில்லை. எப்போதாவது ஒரு பெரிய வேலைக்கு என்றால் அந்த மாதத்துக்கு மட்டும் எடுத்து, வேலை முடிந்ததும் நிறுத்துங்கள். விண்டோஸ் 7-லேயே சந்தாப் பதிப்பைப் போடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இப்போதைய பதிப்புகள் அதில் நிறுவாது, பழைய பதிப்புகளைச் சந்தாதாரருக்கும் இறக்கத் தருவதில்லை. திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்தைக் கூர்ந்து படியுங்கள். குறைந்த மாதத் தொகை காட்டும் திட்டம் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம், தவணை மட்டும்தான் மாதாமாதம். நடுவில் நிறுத்தினால் மீதித் தொகையில் ஒரு பங்கை அபராதமாகக் கேட்பார்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெளிவாகப் போட்டிருக்கும் மாதத் திட்டம் கூடுதலாகத்தான் இருக்கும். ஒரு வேலைக்காக எடுப்பவருக்கு அதுதான் மலிவு.